மலைக்கல்லில் கடைசித் தீட்டு

ஜப்பானிய இயற்கைக் கல் வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் தம் வீட்டுக் கத்தியைப் பார்க்க வேண்டும். கத்திக்கும் கல்லுக்கும் பொருத்தம் இல்லையென்றால் எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கினாலும் அந்தக் கல் அலமாரியில்தான் கிடக்கும். பெட்டாலிங் ஜெயாவில் நம் வீடுகளில் புழங்கும் கத்திகளில் பெரும்பாலானவை ஸ்டெயின்லெஸ். எது என்ன இரும்பு என்று தெரிந்துகொள்ளக் காந்தம் உதவாது. அது கரிம எஃகிலும் ஒட்டும், ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் ஒட்டும். ஓர் எலுமிச்சம்பழத்தை வெட்டி, அலகைத் துடைக்காமல் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். அலகு முழுவதும் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ கறை படிந்தால் அது கரிம எஃகு. வாயை ஒட்டி ஒரு பட்டையாக மட்டும் கறை தெரிந்தால், நடுவில் கரிம எஃகும் இரு பக்கமும் ஸ்டெயின்லெஸ் தகடும் வைத்து அடித்த கத்தி. ஒன்றுமே படியவில்லையா, முழு ஸ்டெயின்லெஸ்.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், இயற்கைக் கல்லில் எஃகைத் தேய்ப்பது மிக நுண்ணிய குவார்ட்ஸ். ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதே பொருள்தான். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. செயற்கைக் கல்லில் இருப்பது அலுமினா அல்லது சிலிக்கான் கார்பைடு; அவற்றின் கடினம் 9, அதற்கும் மேல். எளிய கரிம எஃகைக் குவார்ட்ஸ் நன்றாகவே தேய்க்கும். குரோமியமும் வனேடியமும் கூடுதலாகச் சேர்ந்த எஃகுக்குள் உருவாகும் கார்பைடுத் துகள்கள் குவார்ட்ஸைவிடக் கடினமானவை. அந்தக் கத்தியை இந்தக் கல்லில் எவ்வளவு நேரம் இழுத்தாலும் வாய் வழுக்கிக்கொண்டே போகும். ஆகவே உங்களிடம் இருப்பது ஜெர்மன் வகை ஸ்டெயின்லெஸ் கத்தியோ, பேரங்காடியில் வாங்கிய சாதாரணக் கத்தியோ என்றால் முந்தைய அத்தியாயங்களில் சொன்ன செயற்கைக் கற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் மிச்சம், கத்தியும் நன்றாக வெட்டும்.

சகாய், சன்ஜோ, எச்சிசென், தோசா ஆகிய ஜப்பானியக் கொல்லர் ஊர்களிலிருந்து வரும் ஷிரோகாமி, ஆவோகாமி என்னும் கரிம எஃகுக் கத்திகளுக்கு இந்தக் கல் அருமையாகப் பொருந்தும். நம்மிடமே வேறொன்றும் உண்டு. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் பையில் சுற்றிக் கொண்டுவந்த பட்டறைக் கத்தி, பாட்டி காலத்து அரிவாள்மனை போன்றவை எளிய கரிம எஃகு. லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்தவையும் அவற்றுள் உண்டு. எஃகு சற்று மிருதுவாக இருக்கும். கூர் நெடுநாள் நிற்காது. ஆனாலும் இயற்கைக் கல் அவற்றை விரும்பித் தேய்க்கும். துரு ஏறி மூலையில் கிடக்கும் அத்தகைய கத்தியைத் தூக்கிப் போடாமல், கற்றுக்கொள்ள முதல் கத்தியாக அதையே எடுங்கள். பாராங்குக்கு மட்டும் இந்தக் கல் வேண்டாம். தேங்காய் பிளக்கவும் கிளை தறிக்கவும் சொரசொரப்பான வாயே போதும்.

எண் இல்லாத கல்

கல்லைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் முதல் கேள்வி, "அண்ணே, இது எத்தனை நம்பர்?" செயற்கைக் கல்லில் இந்தக் கேள்விக்குத் திட்டமான பதில் உண்டு. ஜப்பானியத் தர அளவின்படி 1000 என்றால் துகளின் பருமன் சராசரியாக 12 மைக்ரானை ஒட்டி இருக்கும். 8000 என்றால் 1 மைக்ரானுக்குச் சற்று மேல். ஆலையில் சலித்துச் சேர்த்த துகள், ஆகையால் எண் செல்லும். மலையிலிருந்து வெட்டிய கல்லுக்கு எண் கிடையாது. விற்பவர் எழுதிவைக்கும் எண் ஓர் உத்தேசம்தான். ஒரே குழியிலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு கற்கள்கூட இரண்டு விதமாகத் தீட்டும்.

அதற்குக் காரணம் அந்தக் கல் உருவான விதம். கியோத்தோ நகரின் வடமேற்கே நருத்தாகி, உமெகஹாத்தா பகுதியிலும், மேற்கே கமேயோகா பக்கமும் உள்ள மலைகளிலிருந்துதான் கடைசித் தீட்டுக்கான பேர்பெற்ற கற்கள் வந்தன. நகயாமா, ஓஹிரா, ஓசுக்கு, ஷின்டென், ஒகுடோ என்று கல்லின் மேல் பார்க்கும் பெயர்கள் எல்லாம் சுரங்கங்களின் பெயர்கள். நகயாமா உட்படப் பெரும்பாலானவை மூடப்பட்டு நெடுநாளாகிறது. இந்தப் பாறை ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலின் அடியில் படிந்தது. பெர்மியன் காலம் முடிந்து டிரயாசிக் காலம் பிறந்த வேளை அது. பூமியில் உயிரினங்களில் பெரும்பகுதி அழிந்துபோன வேளை. அதற்கு முன்பு ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் கடலடியில் குவிந்து, சேர்ட் என்னும் கடும்பாறையாக இறுகிக்கொண்டிருந்தன. அந்த உயிர்கள் அருகிப்போனதும் ஓடுகளின் வரத்து குறைந்தது. சிலிக்கா கலந்த மிக நுண்ணிய களிமண் மட்டும் மெல்ல மெல்லப் படிந்தது. ஜப்பானியப் புவியியல் நூல்களில் அந்தப் படிவுக்குத் 'தீட்டுக்கல் வகைப் பாறை' என்றே பெயர். சேர்ட்டாகவே இறுகியிருந்தால் கத்தி அதன்மேல் வழுக்கும். வெறும் களிமண்ணாக இருந்தால் எஃகைத் தேய்க்காது. இரண்டுக்கும் நடுவே அமைந்ததால்தான் தீட்டுக்கல் ஆனது.

அடுக்கடுக்காகப் படிந்த பாறை என்பதால் சுரங்கத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பெயர் வைத்தார்கள். தொமாயே அடுக்கு நெருக்கமானது, சீரானது. சுயிதா அடுக்கில் ஊசிக் கண் அளவுக்குத் துளைகள் இருக்கும். பொதுவாக விரைவாகத் தீட்டும். கறுப்புத் திட்டு உள்ளது, மஞ்சள், பச்சை கலந்த நீலம் என்று நிறத்துக்கும் பெயர் உண்டு. அழகான கல்லுக்கு விலை ஏறும். சமையலறைக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. நிறத்துக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கடைசித் தீட்டுக்கான கல்லைத் தவிர, இடைநிலைக் கற்களும் ஜப்பானில் உண்டு. குமமோத்தோ மாநிலத்தின் அமகுசா கல் வெளிறிய நிறத்தில் மரவரி போன்ற கோடுகளோடு இருக்கும். செயற்கை 1000 செய்யும் வேலையை ஏறக்குறைய அது செய்யும். கமேயோகாவின் ஆவோத்தோ நீலச்சாம்பல் நிறம். 1000-க்கும் கடைசிக் கல்லுக்கும் நடுவில் வைத்துக்கொள்ள மிகவும் நல்லது. நாகசாக்கியைச் சேர்ந்த சுஷிமா தீவின் கறுப்புக் கல்லும் அந்த இடத்துக்குப் பொருந்தும். ஆவோத்தோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை ஆசைக்காரர்களுக்கு.

பி.ஜே.யில் இருந்துகொண்டு வாங்குவது

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஹார்ட்வேர் கடைகளில் கிடைப்பது செயற்கைக் கல். மலாய்க்காரர் பத்து அசா என்று கேட்டு வாங்குவது. இயற்கைக் கல்லைப் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், அல்லது அங்கே போய்வருகிறவரிடம் சொல்லிவைக்க வேண்டும். 205 மில்லிமீட்டர் நீளம், 75 அகலம், 30 தடிமன் உள்ள கல் ஒன்றேகால் கிலோ வரை கனக்கும். அஞ்சல் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே விலையைப் பாருங்கள்.

முழு அளவுக் கல் முதலிலேயே வேண்டாம். கொப்பா என்று விற்கப்படும் ஒழுங்கற்ற துண்டுகள் உண்டு. ஓரம் கோணலாக இருக்கும், ஒரு மூலை உடைந்திருக்கும். தீட்டும் முகம் மட்டும் நன்றாக இருக்கும். அதே மலைக் கல்லை மிகக் குறைந்த விலையில் தொட்டுப் பார்க்க அதைவிட வழி இல்லை. கல்லின் கடினத்தை விற்பவர்கள் பொதுவாக 1 முதல் 5 வரை குறிப்பார்கள். 5 என்பது சவரக்கத்திக்கும் தச்சரின் இழைப்புளிக்கும் உரியது. சமையல் கத்திக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் கேளுங்கள். மிகக் கடினமான கல்தான் உயர்ந்த கல் என்று நினைத்து 5-ஐ வாங்கிவிட்டு, வெங்காயம் நறுக்கும் கத்தியை அதில் இழுத்து மனம் நொந்தவர்கள் பலர்.

கல்லின் முதுகில் அடித்திருக்கும் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். முத்திரை மையால் குத்துவது; எந்தக் கல்லிலும் குத்தலாம். படம் அனுப்பச் சொல்லும்போது மேற்பரப்பை நனைத்து எடுத்த படமாகக் கேளுங்கள். ஈரத்தில்தான் கோடுகளும் வெடிப்புகளும் தெரியும். கோடு இருப்பதாலேயே கல் கெட்டதாகிவிடாது. அந்தக் கோடு கத்தியைக் கீறுமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நேர்மையாக விற்பவர் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

கல் வந்து சேர்ந்ததும் தண்ணீர் படுவதற்கு முன் நான்கு ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பூச்சு கொடுங்கள். ஜப்பானில் அரக்குப் பூச்சு பூசுவார்கள். இங்கே மரச்சாமானுக்குப் பூசும் தெளிவான வார்னிஷ் போதும், இரண்டு மூன்று தடவை. அடுக்குகளின் விளிம்பு வழியே நீர் இறங்கினால் கல் தகடு தகடாகப் பிரியும். அதே காரணத்தால் இந்தக் கல்லைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது.

வேலையில் பெரும்பங்கு 1000-இல்

இயற்கைக் கல் மழுங்கிய கத்தியைக் கூராக்கித் தராது. ஏற்கெனவே கூராகிவிட்ட கத்திக்குக் கடைசி வாயைத் தருவதே அதன் வேலை. 1000 கல்லில் ஒழுங்காக முடிக்காமல் இதில் வந்து நிற்பவர் அரைமணி நேரம் சேற்றைக் கிளறிக்கொண்டிருப்பார். கத்தி அப்படியே இருக்கும். ஆகவே 1000 கல்லில் தீட்டுவதை இங்கே சுருக்கமாக நினைவுபடுத்திவிடுகிறேன்.

கல்லை ஈரத்துணி மேல் வையுங்கள். நழுவக் கூடாது. அலகின் உயரம் 45 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து ஒரு சுண்டுவிரல் நுனி அளவுக்கு எழும்பியிருந்தால் ஏறத்தாழ 15 பாகைக் கோணம் கிடைக்கும். கோணம் சரியா என்று தெரியாவிட்டால் வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு நாலு தடவை இழுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. முனை, நடு, அடி என்று பகுதி பகுதியாகச் செல்லுங்கள். மறுபக்கத்தில் பிசிர் எழும்வரை பக்கத்தை மாற்றாதீர்கள். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கித் தடவி, வாய்க்கு வெளியே கொண்டுபோனால் மெல்லிய கம்பிபோல் தட்டுப்படும், அதுதான் பிசிர். வாயின் நெடுகத் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். அதற்குப் பிறகு மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மார்க்கெட்டில் மின்சாரச் சக்கரத்தில் சாணை பிடித்துத் தருவார்கள். வாய் உடைந்த பாராங்குக்கு அது சரி. கரிம எஃகுக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வாயோரம் நீலம் பூத்துவிட்டால் எஃகு 300 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடேறிப் பதம் இழந்துவிட்டது என்று பொருள். நீலம் போகும் அளவுக்கு அலகைத் தேய்த்துக் களைந்தால்தான் நல்ல எஃகு மறுபடி வெளிப்படும்.

அம்மியில், துணி துவைக்கும் கல்லில், வாசற்படியில் தீட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அம்மி கருங்கல். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அபிரகமும் கண்ணுக்குத் தெரியும் பருமனில் கலந்து கிடக்கும் கல் அது. ஒரு பருக்கை தேய்க்கும், அடுத்தது கீறும். அவசரத்துக்கு வேண்டுமானால் பீங்கான் குவளையைக் கவிழ்த்து, அடியில் மெருகேறாமல் இருக்கும் வளையத்தில் தீட்டிக்கொள்ளுங்கள். அம்மியைவிட அது எவ்வளவோ மேல்.

சேறு

இனி மலைக்கல். இதில் எண்ணுக்குப் பதிலாக நீங்கள் படிக்க வேண்டியது சேற்றை.

கல்லின் மேல் விரலால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளியுங்கள். நீர் உடனே உள்ளே இறங்கினால் மிருதுவான கல். மேலேயே நின்றால் கடினமானது. பிறகு அதே வகைக் கல்லின் சிறு துண்டு ஒன்றால் — தொமோநகுரா என்பார்கள் — மேற்பரப்பை வட்டமாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம். துண்டு இல்லாவிட்டால் தேய்ந்த வைரத் தகட்டால் செய்யலாம். கல்லின் நிறத்திலேயே சேறு எழும். நீர்மோர் பதத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மழை விட்டபின் மண்ணிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை வரும்.

இப்போது கத்தியை வையுங்கள். 1000-இல் பிடித்த அதே கோணம். விரல்களின் கனமே போதுமான அழுத்தம். முதல் சில இழுப்புகளில் அலகு வழுக்குவதுபோல் இருக்கும். சேற்றில் சாம்பல் நிறக் கீற்று தோன்றும். மேலும் இழுக்க இழுக்கக் கீற்றுகள் சேர்ந்து கறுக்கும். அந்தக் கறுப்பு கத்தியிலிருந்து வந்த இரும்பு. கல் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். கறுக்கவே இல்லையென்றால் மூன்றில் ஒன்று: கோணம் தவறி வாய் கல்லில் படவில்லை, கல் இந்த எஃகுக்குப் பொருந்தவில்லை, அல்லது சேறு போதாது. முதலில் கோணத்தைப் பாருங்கள், பிறகு சேற்றை. கல்லைக் குறை சொல்வது கடைசியில்.

சேற்றைக் கழுவிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கழுவாதீர்கள். வேலை செய்வது அதுதான். ஓரங்களில் உலரத் தொடங்கினால் விரல் நுனியால் ஒரு சொட்டு நீர். குழாயைத் திறந்துவிட்டுத் தீட்டினால் சேறு முழுவதும் சிங்க்கோடு போய்விடும். தீட்டத் தீட்டச் சத்தமும் மாறும். தொடக்கத்தில் மணல் உரசும் ஓசை, பிறகு தணிந்து தணிந்து ஏறக்குறைய ஓசையே இல்லாமல் போகும். கையில் ஒரு பிடிப்பு தெரியும்: கத்தி வழுக்குவது நின்று, கல் அலகைச் சற்றே இழுத்துப் பிடிக்கும். ஏதாவது ஓரிடத்தில் 'கிறீச்' என்று பட்டால் உடனே நிறுத்துங்கள். கல்லுக்குள் கடினமான ஒரு பருக்கை அல்லது கோடு இருக்கிறது. நகத்தால் தடவி இடத்தைக் கண்டுபிடித்து, தடித்த ஊசியின் முனையால் அதை மட்டும் சுரண்டி எடுத்துவிடலாம். சேற்றை முழுவதும் கழுவிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். சுரண்டிய துகள் உள்ளே கிடந்தால் கத்தி முழுவதும் கீறிவிடும்.

கடைசியில் சேற்றை நீர் விட்டு மெலிதாக்கி, வாய் பின்தொடரும்படி இழுக்கும் திசையில் மட்டும் ஐந்தாறு இழுப்பு, காகிதம் தூக்கும் அழுத்தத்தில். பிசிர் அதோடு விழுந்துவிடும். விழாவிட்டால் மரத்துண்டு ஒன்றின் விளிம்பில் வாயை ஒருமுறை மெல்ல இழுத்துவிட்டு மறுபடி கல்லில் இரண்டு இழுப்பு.

அகன்ற சாய்வுள்ள ஜப்பானியக் கத்தியாக இருந்தால் இப்போது அலகைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேல்பகுதியில் உள்ள மென்மையான இரும்பு மங்கலான சாம்பல் பூத்து நிற்கும். வாயோரத்துக் கடின எஃகு பளிச்சென்று தனிக்கோடாகத் தெரியும். செயற்கைக் கல் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றுபோலப் பளபளக்க வைத்துவிடும். இந்தக் கல்லுக்கு மயங்கியவர்களில் பாதிப்பேர் இந்தத் தோற்றத்துக்கு மயங்கியவர்கள். அதில் தப்பில்லை. என்றாலும் சமையலுக்கு முக்கியமானது வேறு. கண்ணாடிபோல் மெருகேற்றிய வாய் தாளை அழகாக அறுக்கும், பழுத்த தக்காளியின் தோலில் வழுக்கும். இயற்கைக் கல்லில் சேறு இருக்கும்போதே நிறுத்திய வாய் வழவழப்பாகவும் இருக்கும், பற்றவும் செய்யும். சேற்றைக் கழுவிவிட்டுத் தெளிந்த நீரில் மேலும் மேலும் மெருகேற்றும் வழியைச் சவரக்கத்திக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இப்படிச் சேற்றையும் சத்தத்தையும் கொண்டு கூரை அறிவது நமக்குப் புதிதில்லை. பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் எழுந்த ஊர். தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் விடியுமுன் கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் நிரைக்குப் போனார்கள். ஒரு சீவலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போக வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் பட்டை கிழியும். அடியிலுள்ள வளர்படலம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளர்ந்து மறுபடி சீவ முடியாமல் போகும். மங்கிய விளக்கொளியில் விரலாலும் காதாலும் கூரைச் சோதித்த கைகள் அவை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் கத்தியையும் கல்லையும் அவர் முன்னால் வைத்து, "தாத்தா, பிசிரு போயிடுச்சா பாருங்க" என்று கேளுங்கள். ஜப்பானியக் கல்லை அவர் பார்த்திருக்க மாட்டார். பிசிர் இருக்கிறதா இல்லையா என்பதை அவர் விரல் சொல்லிவிடும்.

வெட்டிப் பார்ப்பது

கைமயிரைச் சிரைத்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். சமையலறையிலேயே நல்ல சோதனைகள் உண்டு. பழுத்த தக்காளி மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். தன் கனத்திலேயே தோலுக்குள் இறங்க வேண்டும். பச்சை மிளகாயின் தோல் இன்னும் கடினமான சோதனை. பண்டான் இலையைக் குறுக்கே நறுக்குங்கள். நார் பிரியாமல் வெட்டுப்பட்டால் வாய் நெடுகச் சீராக இருக்கிறது. கறிவேப்பிலையை அடுக்கிச் சுருட்டி இழைஇழையாக அரிந்து பார்த்தால் நசுங்கிய ஓரம் கறுப்பதும், சுத்தமாக வெட்டிய ஓரம் பச்சையாகவே நிற்பதும் சற்று நேரத்தில் தெரியும். சின்ன வெங்காயத்திலும் வித்தியாசம் புரியும்: நசுக்காமல் வெட்டினால் சாறு குறைவாகத் தெறிக்கும், கண் எரிச்சலும் குறையும்.

இவ்வளவு பாடுபட்ட வாயைக் கொண்டு தெங்கிரி மீனின் சதையைத் துண்டு போடலாம். நடுமுள்ளை வெட்டக் கூடாது. மீன்தலைக் கறிக்குத் தலையைப் பிளக்கவும், நண்டு உடைக்கவும், உறைந்த இறைச்சியை வெட்டவும் வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கரிம எஃகு ராக்வெல் அளவில் 60-க்கு மேல் இருக்கும். மிருதுவான கத்தி மடங்கும் இடத்தில் இது பல் உதிர்ந்துவிடும். கண்ணாடிப் பலகையும் பளிங்குப் பலகையும் ஒரே நாளில் வாயைக் கெடுத்துவிடும். மரப்பலகையே நல்லது.

ஈரமும் துருவும்

ஜப்பானிய வழிகாட்டிகள் குளிர்காலத்தில் கல்லுக்குள் நீர் உறைந்து வெடிக்கும் என்று எச்சரிப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை வெயில். அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஈரக்கல்லைக் காயவைத்தால் மேல்பரப்பு விரைவாக உலர்ந்து, உள்ளே ஈரம் நின்று, அடுக்கின் வழியே வெடிக்கும். ஏர்கான் காற்று நேராகப் படும் இடமும் அப்படித்தான். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஓரத்தில் நிறுத்திவைத்து ஒன்றிரண்டு நாள் உலரவிடுங்கள்.

கத்திக்கோ எதிரி நம் காற்று. ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊரில், புளி கரைத்த கையோடு வைத்த கரிம எஃகுக் கத்தி சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் செம்பழுப்பு பூத்துவிடும். வெட்டி முடித்தவுடன் வெந்நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். சூடு மிச்ச ஈரத்தை உலர்த்திவிடும். வாரக்கணக்கில் எடுக்காத கத்தியாக இருந்தால் சமையலுக்கு ஏற்ற மினரல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். அன்றாடம் புழங்கும் கத்திக்குத் தேங்காய் எண்ணெயே போதும், மிக மெல்லிதாக. தோல் உறையிலோ ஈரமான மர உறையிலோ செருகிவைக்காதீர்கள். நாளாவட்டத்தில் அலகு நீலமும் சாம்பலும் கலந்து கறுக்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். செந்துரு ஏறுவதை அந்தக் கறுப்பு ஓரளவு தடுக்கிறது.

தீட்டிய கத்தியின் கூர் சற்றுக் குறைந்ததாகத் தோன்றினால் நேராக மலைக்கல்லுக்கே வாருங்கள். சேறு எழுப்பிப் பக்கத்துக்கு ஒரு சில நிமிடம் தீட்டினாலே வாய் திரும்பிவிடும். இப்படி நாலைந்து தடவை செய்தபின், சேறு கறுக்கிறது ஆனால் தக்காளித் தோலில் கத்தி நிற்கிறது என்ற நிலை வரும். அப்போது வாய் தடித்துவிட்டது. 1000-க்குத் திரும்பிப் பிசிர் எழுப்பித் தொடங்குங்கள்.

கல்லின் முகமும் நடுவில் குழிவிழும். பென்சிலால் கட்டம் போட்டு, தட்டையான தரை ஓட்டின் மேல் 320 எண் நீர்த்தாளை விரித்து, நீர் தெளித்துத் தேயுங்கள். பென்சில் கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் முகம் சமன். அப்போது எழும் சேற்றில் மணற்தாளின் கருந்துகள் கலந்திருக்கும். அதை மட்டும் முழுவதும் கழுவிவிட வேண்டும். நெடுநாள் புழங்கிக் கல் ஒரு விரல் தடிமனுக்கும் கீழே மெலிந்துவிட்டால், அழுத்தத்தில் குறுக்கே உடையும். அதற்கு முன்பே அடிப்பக்கத்தை நன்றாக உலர்த்தி, சமமான மரப்பலகையில் எப்பாக்ஸி கொண்டு ஒட்டிவிடுங்கள். ஒட்டிய ஓரங்களுக்கு மீண்டும் ஒருமுறை வார்னிஷ் கொடுத்து, இரண்டு நாள் காய்ந்த பிறகு பயன்படுத்தலாம். தற்செயலாக உடைந்தே போனாலும் துண்டுகளை எறிய வேண்டாம். கட்டைவிரல் அளவுத் துண்டு நல்ல தொமோநகுரா ஆகும், சற்றுப் பெரிய துண்டு அரிவாள்மனையின் வளைந்த வாய்க்குக் கையில் பிடித்துத் தீட்டப் பொருத்தமாக இருக்கும்.